கேள்வி நேரம்: கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த கதை

போன மாதம் ஒரு பதிலில் போகிற போக்கில், "கான்ஸ்டான்டிநோபிள் 1453-இல் விழுந்தது, ஆனால் அது விழ 250 வருஷம் பிடித்தது" என்று எழுதியிருந்தேன். இன்றைய இஸ்தான்புல்தான் அந்த நகரம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை ஓரம் வைத்துவிட்டு முழுக்க இதுதான்.

53 நாள் முற்றுகை என்றுதான் பள்ளியில் படித்தோம். நீங்கள் 250 வருஷம் என்கிறீர்களே, எப்படி?
– கும்பகோணம் வாசகர்

53 நாள் என்பதும் சரிதான். 1453 ஏப்ரல் 6-இல் தொடங்கி மே 29 காலையில் முடிந்தது. ஆனால் ஓட்டோமன் துருக்கியர்களின் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் வளைத்து நின்றது ஒரு பேரரசின் தலைநகரத்தை அல்ல, அப்படி ஒன்று இருந்த இடத்தை.

அந்த நகரத்தின் முதுகெலும்பை முறித்தவர்கள் துருக்கியர்கள் இல்லை, சிலுவையைத் தோளில் குத்திக்கொண்டு வந்த கிறிஸ்தவர்கள். நான்காம் சிலுவைப் போர்ப்படை எகிப்துக்குத்தான் கிளம்பியது. கப்பல் கொடுத்த வெனிஸுக்குப் பணம் கட்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து கான்ஸ்டான்டிநோபிளின் இளவரசன் ஒருவன், "என் அப்பாவின் சிம்மாசனத்தை மீட்டுக் கொடுங்கள், 2,00,000 வெள்ளி மார்க் தருகிறேன்" என்று வந்து நின்றான். மீட்டுக் கொடுத்தார்கள். கஜானாவைத் திறந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. கடன்காரர்கள் 1204 ஏப்ரலில் மதில் ஏறி உள்ளே வந்தார்கள். மூன்று நாள் கொள்ளை. குதிரைப் பந்தய மைதானத்தில் நின்ற நான்கு வெண்கலக் குதிரைகள் வெனிஸுக்குப் போயின, இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பழைய கிரேக்கச் சிலைகள் பலவற்றை உருக்கிக் காசு அடித்தார்கள்.

அதற்கப்புறம் 57 வருஷம் லத்தீன்காரர்கள், அதாவது மேற்கிலிருந்து வந்த அந்தச் சிலுவைப் படைக்காரர்கள் ஆட்சி. அவர்களும் பரம ஏழைகள். அரண்மனைக் கூரையின் ஈயத்தகட்டைப் பெயர்த்து விற்றார்கள். கடைசி லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் பெற்ற மகனையே வெனிஸ் வியாபாரிகளிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1261-இல் நகரத்தின் பழைய சொந்தக்காரர்களான கிரேக்கர்கள் அதை மீட்டார்கள். மீட்டு என்ன செய்ய? நூறு வருஷத்துக்குள் உள்நாட்டுப் போர் மேல் உள்நாட்டுப் போர், 1347-இல் பிளேக் வேறு. 1343-இல் அரச கிரீட நகைகள் 30,000 டுகாட்டுக்கு (வெனிஸ் பொற்காசு) வெனிஸில் அடகுக்குப் போயின, திரும்பி வரவே இல்லை. 1347-இல் ஆறாம் ஜான் காண்டகுஸினஸ் முடிசூட்டிக்கொண்டபோது கிரீடத்தில் இருந்தது நிறக் கண்ணாடி, விருந்தில் தங்கத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஈயமும் மண் பாத்திரமும். அதே காலத்தில் எதிர்க்கரையில் இருந்த, இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்களின் கலாட்டா குடியிருப்பு வருஷத்துக்கு 2,00,000 பொற்காசு சுங்கம் வசூலித்தது, தலைநகரத்துக்குக் கிடைத்தது 30,000 என்று அக்கால வரலாற்றாசிரியர் கிரகோரஸ் எழுதி வைத்திருக்கிறார்.

உச்சத்தில் நான்கைந்து லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 1453-இல் சுமார் 50,000 பேர்தான் மிச்சம். மதிலுக்குள்ளேயே கோதுமை வயலும் தோட்டமும், நடுநடுவே திட்டுத் திட்டாகக் குடியிருப்புகளும். பேரரசர் என்ற பட்டம் மட்டும் ரோமாபுரி காலத்தது.

அப்படியானால் அந்த நகரத்தைப் பிடிக்க 53 நாள் எதற்கு? ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டாமா?
– நாமக்கல் வாசகர்

மதில்தான் காரணம். நகரம் ஒரு முக்கோணம். இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம்தான் தரை. அந்தத் தரைப்பக்கத்தை இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், 413 வாக்கில், மறித்துக் கட்டினார்கள். சுமார் 20 மீட்டர் அகல அகழி, அதைத் தாண்டினால் வெளிமதில், அதற்குப் பின்னால் 12 மீட்டர் உயரத்தில் உள்மதில், அதில் 96 கொத்தளங்கள். வெளிமதிலைப் பிடித்தவன் இரண்டு மதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான், மேலிருந்து அம்பும் கல்லும் விழும். 447-இல் பூகம்பம் வந்து பெரும்பகுதி சரிந்தது. ஹன்களின் தலைவன் அட்டிலா வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்து, ஊரே சேர்ந்து இரண்டே மாதத்தில் திரும்பக் கட்டி முடித்தார்கள். அரபுப் படைகள் 717-18-இல் ஒரு வருஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. மெஹ்மதின் கொள்ளுத்தாத்தா பயசித் எட்டு வருஷம் நகரத்தை அடைத்துப் போட்டார், 1402-இல் தைமூர் வந்து அவரையே சிறைபிடித்துவிட்டான். அப்பா முராத் 1422-இல் முயன்று திரும்பினார்.

காவலுக்கு ஆள்தான் இல்லை. ஆயுதம் பிடிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன். எண்ணியவர் அவருடைய நெருங்கிய நண்பர் ஸ்ப்ரான்ஸஸ். கிரேக்கர்கள் ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்கை வெளியே சொல்லாதே என்று பேரரசர் சொல்லிவிட்டார். வெனிஸ், ஜெனோவா ஆட்களைச் சேர்த்தால் மொத்தம் ஏழாயிரம் தேறும். எதிரே மெஹ்மதின் படை 80,000 இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

உர்பன் என்பவர் செய்த ராட்சத பீரங்கியைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். வெடிமருந்து எங்கள் ஊர்த் தொழில், அதனால்தான் கேட்கிறேன்.
– சிவகாசி வாசகர்

உர்பன் ஹங்கேரியிலிருந்து வந்த வார்ப்புக்காரர். முதலில் கான்ஸ்டன்டைனிடம்தான் வேலை கேட்டு வந்தார். பேரரசர் ஏதோ சம்பளம் பேசினார், அதையும் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. உர்பன் நேராக ஓட்டோமன்களின் அன்றைய தலைநகரான எடிர்னேவுக்கு, மெஹ்மதிடம் போனார். "பாபிலோன் மதிலையே உடைக்கிற மாதிரி செய்து தருகிறேன்" என்று சொன்னாராம். கேட்டதைப் போல நான்கு மடங்கு சம்பளம் கிடைத்தது. துரோகி என்று இவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, கூலி கொடுக்க முடியாதவன் ஆளை வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

வெண்கலத்தில் வார்த்தார்கள். களிமண்ணில் பெரிய அச்சு, நடுவில் குழலுக்காக இன்னொரு உருளை, இரண்டுக்கும் இடையில் உருக்கிய உலோகம். நீளம் எட்டு மீட்டர், போடுவது கல் குண்டு, ஒன்று அரை டன்னுக்கு மேல். எடிர்னேவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அதை இழுக்க 60 மாடுகள், இரண்டு பக்கமும் சாயாமல் பிடிக்க 200 ஆட்கள், முன்னால் போய்ப் பாலம் போடவும் மேடு பள்ளம் சமன் செய்யவும் தச்சர்கள் 50 பேர், கூலியாட்கள் 200 பேர். அப்படியும் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாதம்.

உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் இனிமேல்தான். இந்தப் பீரங்கி ஒரு நாளைக்கு ஏழு தடவைதான் சுட்டது. ஒவ்வொரு தடவையும் வெண்கலம் காய்ச்சிய இரும்பு போலக் கொதிக்கும், அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால் குழல் விரிசல் விடும். வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி ஆற வைத்தார்கள். அப்படியும் அது விரிசல் விடத்தான் செய்தது. வெடித்து உர்பனே செத்தார் என்று ஒரு கதை உண்டு, ஆனால் அன்றைய சாட்சிகள் எல்லோரும் அதை ஒத்துக்கொள்வதில்லை. உண்மையில் மதிலை அரித்தது இந்த ஒரு பூதம் மட்டும் இல்லை. நடுத்தரமும் சிறிசுமாகப் பல பீரங்கிகள் ஒரே இடத்தை நாள் முழுக்க அடித்தன. அந்த இடத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். லைகஸ் என்ற ஓடை நகரத்துக்குள் நுழையும் பள்ளம், அங்கே மதில் கீழே இறங்கும், எதிரே மேட்டில் நிற்பவனுக்கு வசதி.

பகலில் உடைந்ததை ராத்திரியில் ஊர்க்காரர்கள் அடைத்தார்கள். கல்லால் இல்லை. மரக்கட்டை, திராட்சைக் கொடிக் கட்டு, மண் நிரப்பிய பீப்பாய், மேலே தோல். பெண்கள், பாதிரியார்கள், பிள்ளைகள் எல்லாரும் மண் சுமந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, கல் குண்டு கல் மதிலில் பட்டால் மதில் நொறுங்குகிறது, மண்ணில் பட்டால் பொதுக்கென்று புதைந்து நின்றுவிடுகிறது. ஆயிரம் வருஷத்து மதிலைவிட அந்த மண் தடுப்பு பீரங்கிக்கு நன்றாகவே தாக்குப்பிடித்தது. பின்னால் ஐரோப்பாவில் கோட்டை கட்டியவர்கள் சுவரைத் தாழ்வாக, அகலமாக, மண் அடைத்துக் கட்ட ஆரம்பித்ததும் பீரங்கிக்கு எதிரான இதே உபாயத்தில்தான்.

நகரத்துக்காரர்களிடமும் பீரங்கி இருந்தது. வெடியுப்பு பற்றாக்குறை. அதைவிடப் பெரிய தலைவலி, தங்கள் மதில் மேல் வைத்துச் சுட்டால் அதிர்ச்சியில் தங்கள் மதிலே ஆட்டம் கண்டது. உர்பனின் பீரங்கி இன்று இல்லை. அதே பாணியில் 1464-இல் மெஹ்மதுக்காக வார்த்த ஒன்று இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பக்கம் நெல்சன் கோட்டையில் இருக்கிறது. குழல் தனி, மருந்து அறை தனி, இரண்டையும் திருகி மாட்டும் வேலைப்பாடு.

கப்பல்களை மலை மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்பது கட்டுக்கதைதானே?
– தூத்துக்குடி வாசகர்

இல்லை, நடந்ததுதான். நகரத்தின் வடக்குப் பக்கத்துக் கடற்கழிக்குத் தங்கக் கொம்பு என்று பெயர். அதன் வாயில் நகரத்துக்கும் கலாட்டாவுக்கும் குறுக்கே இரும்புச் சங்கிலி, மிதவைகள் மேல் கட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். துருக்கிக் கப்பல் உள்ளே வர முடியாது.

ஏப்ரல் 20-இல் மெஹ்மதுக்கு ஓர் அவமானம். தெற்கிலிருந்து நான்கு பெரிய கப்பல்கள் வந்தன, மூன்று ஜெனோவாக்காரர்களுடையது, ஒன்று பேரரசருடையது, தானியம் ஏற்றி வந்தது. துருக்கியத் தளபதி பல்தோக்லு நூற்றுக்கு மேற்பட்ட படகுகளோடு வளைத்தார். காற்று நின்று நான்கு கப்பலும் அசையாமல் நின்றுவிட்டன. ஆனாலும் கப்பலின் உயரம் கைகொடுத்தது, மேலிருந்து கல்லும் ஈட்டியும் எறிந்து சமாளித்தார்கள். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சுல்தான் கத்திக்கொண்டே குதிரையைக் கடலுக்குள் இறக்கிவிட்டார். சாயங்காலம் காற்று திரும்பியது, நான்கும் சங்கிலிக்குள் போய்ச் சேர்ந்தன. பல்தோக்லுவின் பதவி போனது, உயிர் மட்டும் தப்பியது.

இரண்டே நாளில், ஏப்ரல் 22 காலை, தங்கக் கொம்புக்குள்ளே துருக்கிக் கப்பல்கள் நிற்கின்றன. கலாட்டாவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் கட்டை பரப்பி, கொழுப்புத் தடவி, தொட்டில் மாதிரிச் சட்டத்தில் ஏற்றி, மாடும் ஆளுமாக இழுத்தார்கள். சுமார் 70 கப்பல். பாய் விரித்து, துடுப்புக்காரர்கள் காற்றில் துடுப்புப் போட, பேரிகை அடித்துக்கொண்டு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நம்புவேன். இருபத்தொரு வயதுப் பையன், ராணுவத்துக்குத் தைரியம் சொல்ல அந்தக் கூத்து வேண்டியிருந்தது. நீங்கள் கற்பனை செய்வது போல மூன்று பாய்மரப் பெருங்கப்பல்கள் இல்லை, துடுப்பு போடும் சின்ன வகைதான். மெஹ்மத் கண்டுபிடித்த வித்தையும் இல்லை, 1439-இல் வெனிஸ்காரர்கள் மலைப்பாதையில் கப்பல்களை இழுத்துக் கார்தா ஏரியில் இறக்கியிருக்கிறார்கள்.

இதனால் நகரம் விழவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து மதிலிலும் இனி ஆள் நிறுத்த வேண்டும். 1204-இல் எதிரி ஏறி வந்தது அந்தப் பக்கத்தில்தான், அது எல்லோருக்கும் நினைவிருந்தது. இருக்கிற ஏழாயிரம் பேரை இன்னும் நீளமாக இழுத்துப் பரப்ப வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய நாடுகள் ஏன் உதவவில்லை?
– ஈரோடு வாசகர்

உதவிக்கு ஒரு விலை வைத்தார்கள், போப்பின் தலைமையை ஏற்க வேண்டும் என்று. 1439-இல் ஃபிளாரன்ஸில் கையெழுத்துப் போட்டார்கள். ஊரில் ஜனங்கள் ஒப்பவில்லை. 1204-ஐ மறக்காத ஜனங்கள், எப்படி ஒப்புவார்கள்? 1452 டிசம்பர் 12-இல் ஹாகியா சோஃபியாவில் அந்த இணைப்பை அறிவித்தபோது, பலர் அந்தக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள். பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்த நோடாரஸ், "லத்தீன் தொப்பியைப் பார்ப்பதைவிடத் துருக்கித் தலைப்பாகையைப் பார்க்கலாம்" என்று சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, தெருவில் பலர் அதைத்தான் நினைத்தார்கள்.

வெனிஸ் கப்பற்படை அனுப்பத் தீர்மானம் போட்டது, கிளம்பத் தாமதம் செய்தது. பிரான்சும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரில் ஓய்ந்து கிடந்தன. தானாக வந்தவர்களில் பெரிய ஆள் ஜெனோவாவைச் சேர்ந்த ஜுஸ்தினியானி, ஜனவரியில் 700 ஆட்களோடு வந்து இறங்கினார். மதில் காவலில் கை தேர்ந்தவர் என்பதால் தரைப்பக்கப் பொறுப்பு முழுக்க அவரிடம் போனது.

இந்த முற்றுகையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் வீரர்கள் சம்பந்தப்பட்டதில்லை. மே 3 ராத்திரி 12 பேர் துருக்கிய உடை போட்டுக்கொண்டு, துருக்கிக் கொடி கட்டிய ஒரு சின்னப் படகில், வெனிஸ் கப்பற்படை எங்கே வருகிறது என்று தேடிக் கிளம்பினார்கள். ஈஜியன் கடலில் தீவு தீவாகத் தேடினார்கள். ஒரு பாயைக்கூடக் காணோம். என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "நகரம் இதற்குள் விழுந்திருக்கும், திரும்பிப் போனால் சாவுதான், ஊர் போய்ச் சேருவோம்" என்றார் ஒருவர். மற்றவர்கள், நம்மை அனுப்பியது தகவல் கொண்டுவர, வாழ்வோ சாவோ போய்ச் சொல்லுவோம் என்றார்கள். மே 23-இல் திரும்பி வந்து, யாரும் வரவில்லை என்று பேரரசரிடம் சொன்னார்கள். அவர் அழுதுவிட்டார் என்று உள்ளே இருந்த வெனிஸ் கப்பல் வைத்தியர் பார்பரோ தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த 12 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

யாரோ ஒரு துரோகி கதவைத் திறந்து விட்டதால்தான் நகரம் வீழ்ந்ததாமே?
– மதுரை வாசகர்

கோட்டை என்றாலே நமக்கு ஒரு எட்டப்பன் வேண்டும். இங்கே துரோகி யாரும் இல்லை, மறதிதான். கெர்கோபோர்ட்டா என்ற ஒரு திட்டிவாசல் வழியாக வெளியே போய்த் தாக்கிவிட்டு வந்தவர்கள் தாழ் போட மறந்தார்கள், அதன் வழியாக ஐம்பது துருக்கியர் நுழைந்தார்கள் என்று அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் டூகாஸ் எழுதுகிறார். டூகாஸ் அப்போது நகரத்திலேயே இல்லை. உள்ளே இருந்த பார்பரோ இதைச் சொல்லவே இல்லை. நான் பார்பரோ பக்கம்.

நடந்தது இதுதான். மே 29, விடிய இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்போது தாக்குதல் ஆரம்பித்தது. முதலில் ஒழுங்கில்லாத கூலிப்படை, இரண்டு மணி நேரம். அவர்கள் ஓய்ந்ததும் அனடோலியப் படை. அவர்களும் பின்வாங்கியதும், அசதியில் கண் சொருகி நின்ற காவலர்கள் மேல் ஜானிசரிகளை, அதாவது சுல்தானின் சொந்தக் காலாட்படையை, இறக்கினார் மெஹ்மத். அதையும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். மண் தடுப்புக்கும் உள்மதிலுக்கும் நடுவில் நின்றுதான் சண்டை. உள்மதில் கதவுகளைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள், யாரும் ஓடக்கூடாது என்று. அப்போது ஜுஸ்தினியானிக்குக் குண்டடியோ அம்போ, பலத்த காயம். வலி பொறுக்காமல் உள்ளே போக வேண்டும் என்றார். பேரரசர் கெஞ்சினார், போகாதீர்கள் என்று. கேட்கவில்லை, கதவைத் திறந்து அவரைத் தூக்கிப் போனார்கள். திறந்த கதவையும் தலைவர் போவதையும் பார்த்த ஜெனோவாக்காரர்கள், எல்லாம் முடிந்தது என்று அதே கதவில் முண்டியடித்தார்கள். எதிரே மெஹ்மத் அதைக் கவனித்துவிட்டார். அரை மணி நேரத்தில் தடுப்பின் மேல் கொடி ஏறிவிட்டது.

கான்ஸ்டன்டைன் அந்த நெரிசலில் சண்டைபோட்டுச் செத்தார். உடல் இதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஜுஸ்தினியானி கப்பலேறிக் கியோஸ் தீவுக்குப் போனார், சில நாளில் அந்தக் காயத்தாலேயே இறந்தார். கோழை என்று கிரேக்கர்களும் வெனிஸ்காரர்களும் திட்டித் தீர்த்தார்கள். ஏழு வாரம் அந்த மதிலைத் தாங்கிய ஆளுக்கு அது நியாயமில்லை.

கிரேக்கர்களுக்கும் செவ்வாய்க்கிழமை ஆகாதாமே?
– பழனி வாசகர்

ஆமாம். மே 29 ஒரு செவ்வாய். 1204-இல் நகரம் சிலுவைப் படையிடம் போன ஏப்ரல் 13-ம் செவ்வாய்தான். "செவ்வாயோ வெறுவாயோ" என்று நம் பாட்டிமார் சொல்வதை அவர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். அங்கே 13-ஆம் தேதி செவ்வாயில் வந்தால் இன்னும் மோசம்.

மெஹ்மத் மாவீரரா, கொடுங்கோலரா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
– விழுப்புரம் வாசகர்

முடியாது. 12 வயதில் அப்பா அரியணையில் உட்கார வைத்து, இரண்டு வருஷத்தில் வயது போதாது என்று இறக்கிவிட்ட பையன் அவர். 1451-இல் இரண்டாம் முறை ஏறியதும் கைக்குழந்தைத் தம்பியைக் கொல்ல வைத்தார். முற்றுகை வேண்டாம் என்று தடுத்த தலைமை வஸீர் ஹலீல் பாஷாவை, நகரம் விழுந்த பிறகு கொன்றார். பிடிபட்ட நகரத்தில் படைக்குக் கொள்ளையடிக்க அனுமதி கொடுத்தார், ஹாகியா சோஃபியாவில் அடைக்கலம் புகுந்தவர்களைக் கயிற்றில் கட்டி அடிமைகளாக ஓட்டிப்போனார்கள். இதெல்லாம் ஒரு பக்கம்.

மறுபக்கம், ஏழு மாதம் கழித்து, 1454 ஜனவரியில், கிரேக்கத் திருச்சபைக்குப் புதிய தலைவராகக் கென்னாடியஸை அவரே நியமித்தார். போப்போடு இணைப்பை எதிர்த்ததில் முதல் ஆள் கென்னாடியஸ், அந்தக் கணக்கும் சுல்தானுக்குத் தெரியும். ஆளில்லாத ஊருக்கு முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்று பல திசையிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து, பலரை வலுக்கட்டாயமாகவே, குடிவைத்தார். பெரிய கடைவீதி அவர் காலத்தில் தொடங்கியதுதான். ரோமாபுரிச் சீசர் என்று தனக்குப் பட்டம் வைத்துக்கொண்டார், அதை வெறும் அலங்காரமாக நினைக்கவில்லை. நகரத்துக்கு அவர் செய்தது 1204-ஐவிட எவ்வளவோ மேல். அந்த ஒரு நாள் உள்ளே இருந்தவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

துருக்கியர் வழியை அடைத்ததால்தான் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார் என்று போட்டித் தேர்வுப் புத்தகத்தில் இருக்கிறது. சரியா?
– சேலம் வாசகர்

தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். உண்மை வேறு. நம் மிளகு மேற்கே போன பெரிய வழி கான்ஸ்டான்டிநோபிள் வழி இல்லை. கள்ளிக்கோட்டையில் ஏற்றினால் ஏடன், செங்கடல், கெய்ரோ, அலெக்சாண்டிரியா, அங்கிருந்து வெனிஸ். எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்கள் கையில். ஓட்டோமன்கள் அதைப் பிடித்தது 1517-இல், காமா வந்து 19 வருஷம் கழித்து. கருங்கடல் பக்கமும் மெஹ்மத் கதவைச் சாத்தவில்லை, நகரம் விழுந்த மறு வருஷமே வெனிஸோடு வணிக ஒப்பந்தம் போட்டுவிட்டார். வரி வேண்டாம் என்று எந்த சுல்தான் சொல்வார்?

போர்த்துகீசியர்கள் 1415-இல் வட ஆப்பிரிக்காவில் செயுட்டாவைப் பிடித்து, 1434-இல் பொஜடோர் முனையைத் தாண்டி, 1453-க்கு முன்பே ஆப்பிரிக்கக் கரையோரம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கம், அடிமை வியாபாரம், வெனிஸ் கையிலிருக்கும் மிளகு லாபம், இதெல்லாம் சேர்ந்த ஆசை. கிரேக்க அறிஞர்கள் சுவடிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் மறுமலர்ச்சி வந்தது என்பதும் இதே ரகம். கான்ஸ்டான்டிநோபிள் அறிஞர் கிரிசோலோராஸ் 1397-லேயே ஃபிளாரன்ஸில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தமிழர்களுக்கும் அந்த நகரத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– யாழ்ப்பாணம் வாசகர்

1453 சங்கதியில் ஒன்றும் இல்லை, இழுத்துப் போட்டு ஒட்டவும் வேண்டாம். அதற்கு ஒன்பது நூற்றாண்டு முன்னால் உண்டு. காஸ்மாஸ் என்ற அலெக்சாண்டிரியா வணிகர் ஆறாம் நூற்றாண்டில் எழுதியதில், சங்கு ஏற்றுமதி செய்யும் துறைமுகம் ஒன்றும், கபேர் என்ற துறைமுகமும் வருகின்றன. கபேர் காவிரிப்பூம்பட்டினமாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

உங்கள் தீவைப் பற்றி அவர் சொல்லும் கதை இன்னும் ருசி. சோபட்ரஸ் என்ற ரோமானிய வியாபாரியும் ஒரு பாரசீகனும் இலங்கை அரசன் முன் நிற்கிறார்கள். உங்களில் யாருடைய ராஜா பெரியவர் என்று கேட்கிறான் அரசன். பாரசீகன் முந்திக்கொண்டு தன் ராஜாவைப் புகழ்கிறான். சோபட்ரஸ், "இரண்டு ராஜாவும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு காசுகளை நீட்டுகிறார். பாரசீகக் காசு வெள்ளி, கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரின் காசு பளபளக்கும் தங்கம். சோபட்ரஸை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்களாம். கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அந்தத் தங்கக் காசின் மதிப்பை நம்பலாம்.

அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறோம். இது சம்பந்தமாக எதைப் பார்ப்பது?
– கோவை வாசகர்

முதலில் ஒரு எச்சரிக்கை. டிராமில் டோப்காபி என்ற நிறுத்தத்தைப் பார்த்து அரண்மனை வந்துவிட்டது என்று இறங்கிவிடாதீர்கள். டோப்காபி அரண்மனைக்கு சுல்தானகமத் அல்லது குல்ஹானேயில் இறங்க வேண்டும். ஆனால் உங்களுக்கு அந்த முதல் டோப்காபியும் வேண்டும், பீரங்கிகள் அடித்த மதில் அங்கேதான். பக்கத்திலேயே 1453 பனோரமா அருங்காட்சியகம், சுற்றிலும் வரைந்த போர்க்காட்சிக்கு நடுவில் நிற்கலாம், வெற்றி பெற்றவர் பக்கத்துக் கதைதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மதிலோரமாக வடக்கே எடிர்னேகாபி வரை நடந்தால் ஓடைப் பள்ளத்தில் மதில் இறங்கி ஏறுவது கண்ணுக்கே தெரியும், ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியிருக்காது. தங்கக் கொம்புச் சங்கிலியின் துண்டுகள் ஹார்பியேயில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளன. ஹாகியா சோஃபியா 2020-இலிருந்து மறுபடி மசூதி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம்தான், டிக்கெட் 25 யூரோ. கசக்கும்தான். ஆனால் மேல்மாடத்துத் தரையில் 1204-இல் படை நடத்திய வெனிஸ் தலைவர் டண்டோலோவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது, தேடிப் பாருங்கள். மதில் மேல் ஏறுவதானால் பகலில் ஏறுங்கள், பல இடங்களில் கைப்பிடி கிடையாது, படிகளும் தேய்ந்து கிடக்கும். செருப்பு வேண்டாம், ஷூ.